இரு கரைகளும் ஒரு விலையும்

மாசி மாதத்துக் காலை நேரம். அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடம் நோக்கிப் புறப்படவிருந்த பாதையில் நாமும் ஏறி நின்றோம். வாவியைக் கடக்க உதவும் மிதவையை எமது பகுதியார் 'பாதை' என்றே வழங்குவர். மோட்டார் சைக்கிள்களுக்கும் சாக்குகளுக்கும் இடையே இருவர் உரையாடிக்கொண்டிருந்தனர். ஒருவர் படுவான்கரையில் வேளாண்மை செய்யும் முதியவர். மற்றவர் எழுவான்கரையைச் சேர்ந்த இளம் ஆசிரியர்.

"என்னத்தச் சொல்ல மாஸ்டர், நாலு மாசப் பாடு. வயலுக்கே லொறி வந்திற்று. அவன் சொன்ன விலைக்கு அள்ளிக் குடுத்திற்று வாறன்" என்றார் முதியவர்.

"அந்த நெல்லத்தான் மாமா நான் கடையில அரிசியா வாங்கிறன். எனக்கு ஒரு நாளும் மலிவாக் கிடைக்கல்லியே!" என்றார் ஆசிரியர்.

பாதை நகர்ந்தது. இருவரும் மௌனமாயினர். இருவர் கூறியதும் உண்மையே என்பதுதான் அம்மௌனத்தின் காரணம். விற்றவருக்கு விலை போதவில்லை. வாங்கியவருக்கு விலை தாங்கவில்லை. அவ்வாறாயின் இடையில் நின்ற பணம் எங்கே போயிற்று?

இக்கேள்வி மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. அரசாங்கம் விலையை நிர்ணயிக்க வேண்டுமா, சந்தையே தன் போக்கில் நிர்ணயிக்க விட வேண்டுமா என்று உலகத்துப் பொருளியலறிஞர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வரும் கேள்வியும் இதுவேயாகும். ஆயினும் இதனை விளங்கிக்கொள்ள நாம் பெரிய நூல்நிலையத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வடக்கே ஏறாவூர் முதல் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எமது வாவியின் இரு கரைகளையும் உற்று நோக்கினாற் போதும். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீரையும் மாரி மழையையும் நம்பி நெல் விளைப்பது பெரும்பாலும் படுவான்கரை. நகரமும் கந்தோர்களும் கடைத்தெருக்களும் செறிந்து, அந்நெல்லை அரிசியாக வாங்கி உண்பது பெரும்பாலும் எழுவான்கரை. ஒரு கரை விலை உயர வேண்டும் என்று விரும்புகிறது; மறு கரை விலை தாழ வேண்டும் என்று விரும்புகிறது. ஒரு தேசத்தின் பொருளாதாரப் பிரச்சினை முழுவதும் இச்சிறிய நீர்ப்பரப்பின் இருபுறத்திலும் அடங்கிக் கிடக்கிறது.

ஒரு சிறு கணக்கு

முதலிற் கணக்கைப் பார்ப்போம்; கோபத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். நெல்லின் விலையையும் அரிசியின் விலையையும் அருகருகே வைத்து, "பாருங்கள், இரட்டிப்பு இலாபம்!" என்று கூறுவோர் பலர். அது முற்றும் சரியன்று. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசியே தேறும். மிகுதி உமியும் தவிடுமாகக் கழியும்.

2024 ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலையைக் கிலோவுக்கு 230 ரூபாய் என விதித்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நாட்டு நெல்லை 120 ரூபாய்க்குத் தான் வாங்குவதாக அறிவித்தது. இவ்விரு விலைகளையும் கொண்டு கணக்கிடுவோம். 100 கிலோ நெல்லின் விலை 12,000 ரூபாய். அதிலிருந்து கிடைக்கும் 65 கிலோ அரிசியின் விலை 14,950 ரூபாய். இடைவெளி 2,950 ரூபாய். ஏற்றிறக்குக் கூலி, உலர்த்தல், அவித்தல், குற்றுதல், சாக்கு, முதலுக்கு வட்டி, ஆலைக்காரரின் ஊதியம், கடைக்காரரின் ஊதியம் யாவும் இத்தொகைக்குள்ளும் தவிடு விற்ற காசுக்குள்ளும் அடங்க வேண்டும். இது பெருங்கொள்ளை என்று எவரும் கூறார்.

ஆனால் அறுவடை நெருக்கடியில் ஒருவர் அதே நெல்லை, உதாரணத்துக்காக, 95 ரூபாய்க்கு விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நெல்லின் விலை 9,500 ரூபாய். இடைவெளி 5,450 ரூபாய். இடைவெளி ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது! அரிசி வாங்கிய ஆசிரியருக்கு ஒரு சதமும் குறையவில்லை. நெல் விற்ற முதியவருக்கோ 2,500 ரூபாய் நட்டம். ஆகவே நாம் கேட்க வேண்டியது, வியாபாரி நல்லவரா கெட்டவரா என்பதன்று. முதியவர் ஏன் 95 ரூபாய்க்குச் சம்மதித்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

காத்திருக்க முடியாதவர்

சுதந்திரச் சந்தையின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் ஸ்மித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பெருநூலில் தானிய வியாபாரிகளுக்காக வாதாடினார். பஞ்ச காலத்தில் விலையை உயர்த்தும் வியாபாரி, உணவு குறைவு என்றறிந்து மாலுமிகளுக்கு முன்கூட்டியே பங்கைக் குறைத்து அளக்கும் கப்பற்றலைவனைப் போன்றவர் என்பது அவர் கருத்து. விலை ஏறுவதால் மக்கள் சிக்கனமாக உண்பர். களஞ்சியம் அடுத்த அறுவடை வரை தாங்கும். வியாபாரி தன் இலாபத்தையே நினைத்தாலும் ஊருக்கும் அதனால் ஒரு நன்மை விளைகிறது என்றார் அவர்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மாசியில் விளைந்த நெல்லை ஐப்பசி வரை பாதுகாத்து வைப்பவர் ஒருவர் எங்கும் வேண்டும். அவர் இல்லையேல் மாசியில் நெல் மலிந்து கிடக்கும். ஐப்பசியில் அடுப்பு எரியாது. ஆனால் ஸ்மித்தின் வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வியாபாரிகள் பலராக இருந்து ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டும். விற்பவருக்கும் "இவ்விலை வேண்டாம், நாளை பார்ப்போம்" என்று கூறும் வலிமை இருக்க வேண்டும். அவ்வலிமை அற்றவருக்குச் சந்தை எவ்வாறு சுதந்திரமானதாகும்?

எமது முதியவரின் நிலையைப் பாருங்கள். விதைப்புக்கு முன் மனைவியின் நகை அடகு சென்றிருக்கும். உரக்கடையிலும் மருந்துக்கடையிலும் கடன் நிற்கும். உழவு இயந்திரக் கூலியும் அறுவடை இயந்திரக் கூலியும் கையிற் காசாகக் கொடுக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரே வாரத்தில் வந்து வாசலில் நிற்கின்றன.

பழைய முறையில் வேளாண்மையை வெட்டி, உப்பட்டியாகக் கட்டிச் சூடு வைத்தனர். களவெட்டியில் எருமைகளைக் கொண்டும் பின்னர் உழவு இயந்திரத்தைக் கொண்டும் வசதிபோற் சூடடித்தனர். சூடு என்பது கதிர்க் குவியல் மாத்திரமன்று. அது ஒரு களஞ்சியமுமாகும். நெல் அதனுள்ளேயே உலர்ந்தது. சந்தைக்கும் சிறிது சிறிதாகவே வந்தது. இன்றோ அறுவடை இயந்திரம் ஒரு வட்டையையே சில நாட்களில் முடித்துவிடுகிறது. உழைப்பு மிச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈர நெல் மலைபோற் குவிகிறது. அரசாங்கக் களஞ்சியமோ ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லையே ஏற்கும். உலர்த்தக் களம் இல்லாதவர் தார் வீதியின் ஓரத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறார். வானம் கறுத்தால் விலையும் கறுக்கிறது. அப்பொழுதுதான் லொறி வயலுக்கு வருகிறது.

வாங்குபவரும் காத்திருக்க முடியாதவரே. பசி நாளை என்று தவணை சொல்வதில்லை. 1943 ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981 இல் வெளியிட்ட தமது நூலில் ஓர் உண்மையை வற்புறுத்தினார். தானியம் அறவே இல்லாமற் போனதால் மட்டும் மக்கள் மடிவதில்லை. விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாதபடியாலும் அவர்கள் மடிகின்றனர். விற்கும் ஏழைக்கு வேண்டுவது அவகாசம். வாங்கும் ஏழைக்கு வேண்டுவதும் அவகாசமே. இவ்விருவருக்கும் அவகாசம் அளிப்பதே அரசாங்கக் கொள்கையின் முதற் கடமை என்பது எமது கருத்து. எமது தேசத்தின் வரலாறு இதனை மெய்ப்பிக்கிறதா என்று இனிப் பார்ப்போம்.

கூப்பனும் உத்தரவாத விலையும்

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் 1942 இல் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கைக்கு அரிசி வரும் வழி அடைபட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு ஏற்பட்டது. கூப்பன் புத்தகம் வீட்டுக்கு வீடு வந்தது. உள்நாட்டு நெல்லை அரசாங்கமே குறித்த விலைக்கு வாங்கும் முறையும் அக்காலத்திற்றான் தொடங்கியது. சுதந்திரத்தின் பின் அது உத்தரவாத விலைத் திட்டமாக நிலைபெற்றது. 1950களின் தொடக்கத்தில் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபாய் என உயர்த்தப்பட்ட அவ்விலை, 1960களின் நடுப்பகுதி வரை மாறாதிருந்தது. புசல் என்பது ஏறத்தாழ 21 கிலோ. சங்கக்கடைகளை நடத்திய கூட்டுறவுச் சங்கங்களே நெல்லையும் கொள்முதல் செய்தன.

ஆகவே அரசாங்கம் ஒரு கையால் நெல்லை நல்ல விலைக்கு வாங்கியது. மறு கையால் கூப்பன் அரிசியை மலிவாக வழங்கியது. தம் நெல் முழுவதையும் சங்கத்துக்கு அளந்துவிட்டுக் கூப்பன் அரிசியை வாங்கிச் சமைத்த வேளாண்மைக்காரரும் இருந்தனர். படுவான்கரைக்கும் மகிழ்ச்சி, எழுவான்கரைக்கும் மகிழ்ச்சி. இரு விலைகளுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்பியது திறைசேரி. திறைசேரியை நிரப்பியவை தேயிலையும் றப்பரும் தெங்கும்.

இவ்வேற்பாட்டின் பலவீனம் 1953 இல் வெளிப்பட்டது. கொரியப் போர்க்காலத்தில் ஏறியிருந்த றப்பர் விலை வீழ்ந்தது. உலகச் சந்தையில் அரிசி விலையோ உயர்ந்து நின்றது. 1952 டிசம்பரில் சீனாவுடன் றப்பர் - அரிசி உடன்படிக்கை கைச்சாத்தாகியும் வரவு செலவுப் பள்ளம் மூடவில்லை. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே தடவையில் உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூட நேர்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

திறைசேரிக் கணக்கின்படி விலையை உயர்த்தாதிருக்க வழியில்லை என்று அரசாங்கம் வாதிட்டது. குடும்பக் கணக்கின்படி அவ்வுயர்வைத் தாங்க வழியில்லை என்று மக்கள் விடையளித்தனர். பிழை விலையை உயர்த்தியதில் மட்டும் இருக்கவில்லை. பல ஆண்டுகள் உயர்த்தாது வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் உயர்த்தியதில் இருந்தது. மக்களுக்கு அவகாசம் அளிக்கப்படவில்லை.

இக்காலத்தில் வேறொரு பாடமும் கிடைத்தது. அரசாங்கம் விலையை மட்டும் கவனிக்கவில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், எம்மவர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய ஆற்றை மறித்துப் பெருநிலப்பரப்புக்கு நீர் பாய்ச்சியது. அதனோடு நிகழ்ந்த குடியேற்றம் இப்பகுதியின் குடித்தொகையையும் அரசியலையும் மாற்றியது; 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அது தனியே எழுத வேண்டிய வரலாறு. 1958 இல் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குக் காப்பளிக்க முயன்றது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் அதே காலத்தில் எச்-4 என்னும் புதிய நெல்லினத்தை அளித்தது. 1966 இன் இறுதியில் கூப்பன் அரிசி பாதியாகக் குறைக்கப்பட்டு, அப்பாதி இலவசமாக வழங்கப்பட்டது. மறுபாதியை மக்கள் வெளிச்சந்தையில் வாங்கினர். வெளிச்சந்தை விலை ஏறியது. 1967 இல் உத்தரவாத விலையும் 14 ரூபாயாகியது. நெல் உற்பத்தி பெருகியது. 1950க்கும் 1970க்கும் இடையே தேசத்தின் நெல் விளைச்சல் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. நீரும் விதையும் கடனும் அரசாங்கத்தினுடையவை, ஊக்கம் சந்தையினுடையது. இரண்டும் ஒரே ஏரில் பூட்டப்பட்டபோது நிலம் உழப்பட்டது.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

1970 இல் பதவியேற்ற அரசாங்கம் வேறு வழியை நாடியது. அந்நியச் செலாவணி வற்றியிருந்தது. 1973 இல் எண்ணெய் விலையும் உலகத் தானிய விலையும் ஒன்றாக ஏறின. இறக்குமதிக் கதவு பூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு அது பொற்காலமாயிற்று. நெல்லுக்கோ நிலை வேறு. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நெற் சந்தைப்படுத்தும் சபையே நெல்லைக் கொள்வனவு செய்யும் உரிமையைப் பெற்றது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லக் கட்டுப்பாடு வந்தது. வீதித் தடைகளில் பஸ் வண்டிகளை நிறுத்தி, அரிசிப் பையைத் தேடினர். உறவினர் வீட்டுக்கு ஒரு பை அரிசி கொண்டு சென்றவர் குற்றவாளி போல் நின்றார். அக்காலத்து மரவள்ளிக் கிழங்கின் கதையை வீட்டிலுள்ள முதியோரைக் கேளுங்கள், இன்றும் சொல்வர். நெல் விளைத்தவரின் வீட்டில் நெல் இருந்தும் அதனை நல்ல விலைக்கு விற்க வழியில்லை. பட்டினத்தார் கையிற் பணம் இருந்தும் வாங்க வழியில்லை. இரு கரைகளும் இருந்தன, பாதை ஓடவில்லை.

1977 இல் கதவு திறக்கப்பட்டது. ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1978 இல் பங்கீட்டு அரிசி குறைந்த வருமானமுடையோருக்கு மட்டும் என்றாயிற்று. 1979 இல் அதற்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. கடைகளிற் பொருள்கள் நிறைந்தன. வரிசைகள் மறைந்தன. ஆனால் பூட்டிய கதவின் பாதுகாப்பில் வளர்ந்த வடபகுதி மிளகாய், வெங்காயச் செய்கையாளர் இறக்குமதியின் முன் தடுமாறினர். உணவு முத்திரையின் பெறுமதியை விலையேற்றம் ஆண்டுதோறும் அரித்தது. கதவு திறந்தது நன்றே. திறந்த வேகத்தில் யார் மீது மோதும் என்று பார்க்கவில்லை என்பதே குறை.

வியட்நாமின் கதையை இங்கு ஒப்பிடலாம். கூட்டுப் பண்ணைகளில் நெல் விளைத்த அந்நாடு அரிசிக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருந்தது. 1986 இல் சீர்திருத்தம் தொடங்கி, 1988 இல் நிலத்தை நடத்தும் உரிமையைக் குடும்பங்களுக்கு அளித்தது. மறுவருடமே, 1989 இல், அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடாகியது. சந்தையின் ஆற்றலுக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் அந்நாட்டு வாய்க்கால்களை வெட்டியது சந்தை அன்று. அவை முன்னரே பொதுப் பணத்தில் வெட்டப்பட்டிருந்தன.

எமது பகுதிக்கோ திறந்த பொருளாதாரத்தின் பயன் நேரே வந்து சேரவில்லை. போர் வந்தது. வாவியே எல்லையாயிற்று. 2007 இல் அந்நிலை நீங்கும் வரை படுவான்கரை ஓர் ஆட்சியிலும் எழுவான்கரை இன்னோர் ஆட்சியிலும் இருந்த ஆண்டுகள் பல. யூரியா உரம் அக்கரைக்குச் செல்லக் கட்டுப்பாடு இருந்தது. சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட மூடைக்கு எந்தப் பொருளியல் நூலும் விலை கூறுவதில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அது வெறும் போக்குவரத்து வசதியாக மட்டும் எமக்குத் தோன்றவில்லை. ஒரு பாலம் வந்தால் நெல்லைத் தேடி ஒரு லொறிக்குப் பதிலாக நான்கு லொறிகள் வர முடியும். விற்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வலிமை அங்கேதான் பிறக்கிறது. அரசாங்கம் அமைத்த பாலத்தின் மேலேதான் சுதந்திரச் சந்தை நடந்து வருகிறது.

ஒரு கையொப்பத்தின் பாரம்

அரசாங்கம் எதனைச் செய்தாலும் நன்மையே விளையும் என்று யாரேனும் நினைப்பாராயின், அவர் 2021 ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே அறிவித்தலில் தடைசெய்யப்பட்டது. இயற்கைப் பசளை நல்லதா அல்லவா என்பது வேறு விவாதம். எருவைத் தயாரிக்கவும் நிலத்தைப் பழக்கவும் பல ஆண்டுகள் வேண்டும் என்பது வட்டையில் இறங்கியவர் யாவரும் அறிந்தது. ஒரு போகமும் அவகாசம் தரப்படவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் மாரிப்போகத்துப் பயிர் அதற்குள் மண்ணில் இருந்தது. பயிர் வெளிறியது, கதிர் சிறுத்தது. 2021 இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்த தேசத்தின் நெல் விளைச்சல் 2022 இல் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது.

அதே 2021 செப்ரெம்பரில் அரிசிக்கு உச்ச விலை விதிக்கப்பட்டு, மாத முடிவிலேயே நீக்கப்பட்டது. காரணம் எளிது. கட்டளையிட்டால் விலைப்பலகையை மாற்றலாம். களஞ்சியத்தை நிரப்ப முடியாது. அரசாங்கத்தின் கையில் விற்பதற்குப் போதிய அரிசி இருக்குமாயின் உச்ச விலைக்கு மதிப்புண்டு. இல்லையாயின் அரிசி தட்டிலிருந்து மறைந்து பின்கதவால் வெளியேறும். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டியது. எந்த ஒரு வியாபாரியின் பேராசையும் செய்ய முடியாத சேதத்தைச் சில கையொப்பங்கள் செய்தன. வியாபாரி தவறினால் அவர் கடை மூழ்கும். அரசாங்கம் தவறினால் பாதையே மூழ்கும். அதில் யாவரும் இருக்கிறோம்.

எது செய்யத் தக்கது?

சந்தையை அடக்கிவிட்டால் எல்லாம் சீராகும் என்போர் 1970களை மறந்தனர். சந்தையைத் தன்போக்கில் விட்டால் எல்லாம் சீராகும் என்போர் தார் வீதியில் ஈர நெல்லோடு நிற்பவரை மறந்தனர். இருசாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றே: யாரால் காத்திருக்க முடிகிறது, யாரால் முடியவில்லை?

இக்கேள்விக்கு விடை காண முனைந்தால் செய்ய வேண்டியவை தாமே தெளிவாகும். கிராமத்துக்கொரு சீமெந்துக் களமும் உலர்த்தும் பொறியும் வேண்டும். சங்கத்தின் பொறுப்பில் சிறு களஞ்சியங்கள் வேண்டும். அங்கே வைத்த நெல்லின் பேரில் வங்கி கடன் கொடுக்குமாயின், நகையை மீட்கும் அவசரத்துக்காக ஒருவர் நெல்லைத் தள்ளிவிட நேராது. உத்தரவாத விலை போகத்தின் முடிவில் அன்றி விதைப்பின் முன்பே அறிவிக்கப்பட வேண்டும். அறுவடைக்குப் பின் வரும் அறிவித்தல், அடைமழைக்குப் பின் வரும் குடை போன்றது. கொள்முதல் நிலையம் திறக்கும் நாளும் பணம் கொடுக்கும் நாளும் அறுவடை நாளோடு பொருந்த வேண்டும். அரசாங்கம் விளைச்சல் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை. "அங்கே ஒருவர் நியாய விலையுடன் காத்திருக்கிறார்" என்ற செய்தி வயலுக்கு எட்டினாற் போதும். லொறிக்காரரின் விலையும் நிமிரும். பின்னர் பஞ்ச மாதத்தில் அதே களஞ்சியத்தைத் திறந்தால் எழுவான்கரையின் சுமையும் குறையும். இவ்வளவும் செய்யத் திறைசேரியிற் பணம் வேண்டும் என்பதை 1953 எமக்குக் கற்பித்தது. ஆகவே கொடுப்பதை எல்லோருக்கும் அள்ளிக் கொடாது, தேவையுடையோருக்கு அளந்து கொடுக்கும் ஒழுங்கும் வேண்டும்.

பாதை குருக்கள்மடத் துறையில் வந்து நின்றது. முதியவர் இறங்கி, வீதியோரக் கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கினார். எமக்கு வியப்பாக இருந்தது. "கடன்காரனுக்கு அளந்தது போக வீட்டுக்கு வைக்கல்ல" என்றார், விலையை விசாரித்தவாறே. ஆசிரியர் அருகில் நின்று தம் பையை விரித்தார். ஒரே தராசின் முன் இருவரும் நின்றனர்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் ஊரில் நெல் என்ன விலை, அரிசி என்ன விலை என்று விசாரித்து இரு நிரல்களில் எழுதுங்கள். மூன்றாவது நிரலில் அவ்வாரத்து மழை, அறுவடை, அரசாங்க அறிவித்தல், இறக்குமதிச் செய்தி ஆகியவற்றைக் குறியுங்கள். ஓராண்டு விடாது எழுதுவீராயின், எந்தச் செய்தியால் எந்த நிரல் அசைந்தது, எதனால் அசையவே இல்லை என்பது உங்களுக்கே புலனாகும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர் நெல் விலையைப் பற்றிப் பேசும்போது, வீட்டாரை அந்தக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.